எங்கள் ஃப்ளஷ் டேங்க் உடையவில்லை, சார்!

“உங்க ஆளுங்களுக்கு இதெல்லாம் பழக்கம் இருக்காது தம்பி. பெரியவர் பட்டனைப் போட்டு அமுக்கி உடைச்சிருப்பாரு.”

சொன்னவர் எங்கள் ஹவுஸ் ஓனர். இடம், வேலூரில் நாங்கள் குடியிருக்கும் வீட்டு மாடிப்படி; கீழே அவர், மாடியில் நாங்கள். போன வாரத்துக்கு முந்தின சனிக்கிழமை காலை. ‘பெரியவர்’ என்று அவர் சொன்னது என் அப்பாவை. அப்பா எனக்குப் பின்னால், இரண்டு படி மேலே, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். எல்லாம் அவர் காதில் விழுந்தது.

நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா?

“சரி சார், பாத்துக்கறேன்.”

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என்னைத் தெரியும். நியாயம், மரியாதை என்று இங்கே வாய் கிழியப் பேசுகிறவன். அவன்தான் படியில் நின்று ‘சரி சார்’ என்றான். இந்த வாரம் எனக்கு இருக்கிற கோபத்தில் பாதி ஓனர் மேல். மீதிப் பாதி அந்த ‘சரி சார்’ மேல்.

விஷயம் ரொம்பச் சின்னது. எங்கள் வீட்டு வெஸ்டர்ன் டாய்லெட்டில் ஃப்ளஷ் பண்ணினால் தண்ணீர் நிற்பதில்லை. டேங்க் நிரம்பிய பிறகும் உள்ளே ஒரு சின்ன ஓடை ஓடிக்கொண்டே இருக்கும். ‘ஸ்ஸ்ஸ்’ என்று ஒரு சத்தம். காலையில் நிரப்பிய மொட்டைமாடி மேல் டேங்க் மத்தியானத்துக்குள் காலி. ஓனர் மறுபடி மோட்டார் போட வேண்டும். அவருக்குக் கோபம் வருவது நியாயம்தான். இல்லை என்று சொல்லவில்லை.

ஆனால் ‘உங்க ஆளுங்க’ எங்கிருந்து வந்தது?

ஒரு டாய்லெட்டுக்காகத்தான் அந்த வீட்டைத் தேடிப் பிடித்தோம் என்பதைச் சொல்ல வேண்டும்.

அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். ஆம்பூரில் பச்சைத்தோல் குடோனில் வேலை பார்த்தவர். ஆட்டுத்தோல் கெடாமல் இருக்க உப்புப் போட்டு வரும். அந்த உப்பை உதறித் தட்டிக் கொட்டுவதுதான் அவர் வேலை. குனிந்து, குத்துக்காலிட்டு, நாள் பூராவும். அந்த முழங்கால் இப்போது மடங்குவதில்லை. டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார், இனி குத்துக்காலிட்டு உட்காரக்கூடாது என்று. அம்மா போன பிறகு நைனா அக்கா வீட்டில்தான் இருந்தார். அங்கே இருப்பது தரையில் பதித்த பழைய மாடல். சுவரைப் பிடித்துக்கொண்டு அரைகுறையாக உட்கார்ந்து, ஒருமுறை விழுந்தும்விட்டார். அதனால்தான் என்னோடு அழைத்துக்கொண்டேன்.

வேலூரில் வீடு பார்க்கப் போனால் என்ன கேட்பார்கள்? ‘என்ன வேலை?’ என்று கேட்பார்கள். சொல்வேன். ‘சொந்த ஊர்?’ ஆம்பூர். சிரிப்பார்கள், பிரியாணி பற்றி ஒரு வார்த்தை பேசுவார்கள். அப்புறம் சாவகாசமாக அடுத்த கேள்வி வரும்.

“ஆம்பூர்ல எந்தத் தெரு?”

தெருப் பெயரைச் சொன்னதும் ‘சொல்லி அனுப்பறோம் தம்பி’ என்பார்கள். ஏழு வீட்டிலிருந்து இன்னும் சொல்லி அனுப்பவில்லை. எட்டாவது வீடு இது. இவர் தெருவைக் கேட்கவில்லை. நல்ல மனிதர் என்று நினைத்தேன். கேட்காமலே தெரிந்து வைத்திருக்கிறார் என்று அந்தச் சனிக்கிழமைதான் புரிந்தது.

இன்னொன்றும் சொல்கிறேன். நைனா அந்த ஃப்ளஷ் பட்டனை எப்படி அமுக்குவார் தெரியுமா? புது வீட்டில் காலிங் பெல் அடிக்கிற மாதிரி. ஒரு விரலால், மெதுவாக, அனுமதி கேட்டுக்கொண்டு. உபயோகித்த பிறகு சீட்டைத் துணியால் துடைத்துவிட்டுத்தான் வெளியே வருவார். அவரா உடைத்தார்?

பழக்கமாம், பழக்கம்! கல்லூரி விடுதியில் முதன்முதலாக கமோடைப் பார்த்தபோது எனக்கும்தான் எப்படி உட்காருவது என்று தெரியவில்லை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போனதும் நான்தான் முதல், கமோடில் உட்கார்ந்ததும் நான்தான் முதல். எல்லோருக்கும் ஒரு முதல் நாள் உண்டு. ஓனருடைய தாத்தா மட்டும் கமோடில் உட்கார்ந்துகொண்டேவா பிறந்தார்?

இதையெல்லாம் படியில் வைத்துச் சொல்லியிருக்க வேண்டும். இப்போது எழுதுகிறேன்.

சரி, பிளம்பர்? போன் போட்டேன். “நாளைக்கு வர்றேன் சார்” என்றார். எந்த நாளைக்கு என்று கேட்காதது என் தப்பு.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஆம்பூரிலிருந்து அக்கா வந்தாள். ஷூ கம்பெனியில் வேலை பார்க்கிறாள், வாரத்தில் அந்த ஒரு நாள்தான் லீவு. நடந்ததைக் கேட்டதும் கொதித்துவிட்டாள்.

“அந்தாளு சொல்றான், நீ கேட்டுனு வந்தியா? இன்னாத்துக்குடா உன்னைப் படிக்க வச்சது?”

“சண்டை போட்டா வீட்டைக் காலி பண்ணச் சொல்வாரு.”

“சரி, தள்ளு. பிளம்பரும் வேணாம், ஒருத்தனும் வேணாம். தண்ணி ஒழுகாத ஷூ தைக்கிறோம்டா நாங்க. இந்த டப்பாவை அடைக்க முடியாதா?”

எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எது ஓட்டையானாலும், எது பிய்ந்தாலும், எங்களுக்குத் தெரிந்த மருந்து இரண்டுதான். செருப்பின் அடிப்பாகத்துக்குப் போடுகிற சோல் ஷீட். அதை ஒட்டுகிற சொல்யூஷன். பக்கெட் ஓட்டையா? சோல் ஷீட். சைக்கிள் சீட் கிழிந்ததா? சோல் ஷீட். கட்டில் கால் ஆடுகிறதா? அடியில் நான்கு மடிப்பு சோல் ஷீட். பஜாரில் வெட்டுத்துண்டுகளைக் கிலோ கணக்கில் விற்பார்கள். ஆம்பூரில் அது இல்லாத வீட்டை நான் பார்த்ததில்லை. வேலூர் வந்த பிறகும் என் பரண்மேல் ஒரு மடிப்பு இருந்தது. சொல்யூஷன் டப்பாவும்.

அக்கா டேங்க் மூடியைத் தூக்கினாள். முதல் காரியமாகச் சுவரில் இருந்த குழாயைத் திருகி மூடினாள். டேங்க்கைக் காலி செய்தாள். அடியில் தண்ணீரை இறக்கிவிடுகிற வால்வைக் கழற்றினாள். அதன் கீழே வளையல் மாதிரி ஒரு ரப்பர்.

“பாத்தியா, இதான் தேஞ்சிருக்குது. இது வழியாத்தான் ஒழுகுது.”

தேய்ந்த மாதிரிதான் எனக்கும் தெரிந்தது. அந்த ரப்பரை அளவு வைத்து, சோல் ஷீட்டில் கத்தரிக்கோலால் ஒரு வளையம் வெட்டினாள். என்ன வெட்டு! காம்பஸ் வைத்து வரைந்தாலும் அவ்வளவு வட்டமாக வராது. மேலே சொல்யூஷன். “கெட்டியா இருக்கட்டும்” என்று கீழேயும் கொஞ்சம் சொல்யூஷன். பழைய ரப்பரைச் சோப்பு டப்பாவில் போட்டுவிட்டு, புது வளையத்தோடு வால்வை டேங்க்கின் அடியில் அழுத்தி வைத்தாள். மூடியைப் போட்டாள். “ராத்திரி வரைக்கும் யாரும் தொடாதீங்க” என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டாள்.

ராத்திரி நான் சுவர்க் குழாயைத் திறந்துவிட்டேன். திங்கட்கிழமை காலை. நைனா உள்ளே போனார். வெகு நேரம் வரவில்லை.

“நைனா?”

“அமுங்க மாட்டேங்குதுடா.”

போய்ப் பார்த்தேன். பட்டன் அசையவில்லை. கீழே போட்ட சொல்யூஷனும் பிடித்துக்கொண்டு, அந்த வால்வு டேங்க்கின் அடியோடு அடியாக ஒட்டிவிட்டது. ஷூ கம்பெனி ஒட்டு என்றால் சும்மாவா? மழை, சேறு, கல், முள் எதற்கும் பிரியாது. ஆனால் உள்ளே அதே சத்தம்... ‘ஸ்ஸ்ஸ்’. தண்ணீர் ஓடுவது நிற்கவில்லை. ஃப்ளஷ் மட்டும் நின்றுவிட்டது!

நான் சிரித்துவிட்டேன். திரும்பிப் பார்த்தால் நைனா பக்கெட்டில் தண்ணீர் பிடித்து, ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் தூக்கி ஊற்றப் பார்க்கிறார். முழங்கால் நடுங்குகிறது. தரையெல்லாம் தண்ணீர். சிரிப்பு அங்கேயே செத்துப்போனது.

பக்கெட்டைப் பிடுங்கி நான் ஊற்றினேன். அதற்கு நைனா பட்ட வெட்கம் இருக்கிறதே, அதை எழுத எனக்கு வரவில்லை.

வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். நிதானமாகச் சொன்னார்.

“அடுத்த ஞாயித்துக்கிழமை அக்கா வந்தா அவகூட ஊருக்குப் போய்டறேன்டா.”

“அங்க எப்படி நைனா உக்காருவ?”

“எப்படியோ உக்காந்துக்கறேன். விழுந்தாலும் நம்ம வீட்டுல விழறேன். அந்தாளு சொன்னதுல இன்னா தப்பு? எனக்கு இதெல்லாம் பழக்கமில்லதான்.”

அன்றைக்கு அவர் டீ குடிக்கவில்லை. “வேணாம்டா, வயிறு ஒரு மாதிரி இருக்குது” என்றார். மத்தியானச் சாப்பாடும் பாதிதான். செவ்வாய்க்கிழமையும் அப்படியே. பக்கத்தில் வைத்த சொம்புத் தண்ணீர் வைத்தபடியே இருந்தது. எனக்கு உறைக்க இரண்டு நாள் ஆனது. தண்ணீர் குடித்தால் உள்ளே போக வேண்டும். போனால் பக்கெட். பக்கெட் என்றால் நான் ஓடிப்போய்த் தூக்க வேண்டும். அதனால் குடிப்பதையே நிறுத்திவிட்டார்!

ஒரு மனிதர் எழுபது வயதில் தாகத்தை அடக்குகிறார். எதற்கு? ஒருத்தர் மாடிப்படியில் போகிற போக்கில் சொன்ன ஒரு வாக்கியத்துக்கு. சொன்னவர் கீழே மின்விசிறிக்கடியில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த டேங்க்கைச் சுவரோடு பிடுங்கிக் கீழே எறிந்திருப்பேன்.

எறியவில்லை. மூடியைக் கழற்றி வைத்துவிட்டு அதன் எதிரில் நின்றேன். முதல்முறையாக, தண்ணீரை மூடாமல், டேங்க் நிரம்பியிருக்கும்போதே உள்ளே பார்த்தேன்.

பார்த்த இரண்டாவது நிமிடத்தில் புரிந்துவிட்டது.

டேங்க் நடுவில் ஒரு குழாய் நிமிர்ந்து நிற்கும். தண்ணீர் அளவுக்கு மீறி ஏறினால் வெளியே வழிந்துவிடாமல், அந்தக் குழாய் வாயில் விழுந்து கீழே கமோடுக்குப் போய்விடும். அதற்குத்தான் அது. எங்கள் டேங்க்கில் தண்ணீர் ஏறிக்கொண்டே வந்து, அந்த வாயைத் தொட்டு, நிற்காமல் உள்ளே விழுந்துகொண்டிருந்தது. அதாவது அடி ரப்பரில் ஒழுகவே இல்லை. மேலே தண்ணீரை உள்ளே விடுகிற வால்வு மூட மறுக்கிறது. மிதவை ஏறி வந்து, ‘போதும், நிறுத்து’ என்கிறது. அது நிறுத்தவில்லை.

தப்பு செய்தது மேலே இருக்கிற வால்வு. கழற்றி, வெட்டி, ஒட்டி, தண்டனை கொடுத்தது கீழே இருக்கிற ரப்பருக்கு!

நாங்கள் ஏன் அதை முன்னாடியே பார்க்கவில்லை? மூடியைத் திறந்ததும் தண்ணீரை மூடிவிட்டோமே! ஓடும்போது பார்த்தால்தானே எங்கிருந்து ஓடுகிறது என்று தெரியும்? பார்ப்பதற்கு முன்பே, ஒழுகினால் அடியில்தான் ஒழுகும் என்று முடிவு கட்டிவிட்டோம். ஓனர் மட்டும் வேறு என்ன செய்தார்? டேங்க் மூடியைக்கூடத் தூக்காமல், தனக்குக் கீழே என்று நினைக்கிற ஆளைக் கைகாட்டினார். அந்த விஷயத்தில் அக்கா, நான், ஓனர், மூன்று பேரும் ஒரே பள்ளிக்கூடம்.

சுவர்க் குழாயை மூடி, டேங்க் தண்ணீரை மொண்டு ஊற்றிவிட்டு, சொல்யூஷனை பிளேடால் சுரண்டி, தின்னரில் துடைத்து, சோல் ஷீட் வளையத்தைப் பிய்த்தெடுப்பதற்குள் விரல் தோல் உரிந்துவிட்டது. சோப்பு டப்பாவில் கிடந்த பழைய ரப்பரை எடுத்துத் திருப்பிப் போட்டேன். கச்சிதமாக உட்கார்ந்தது. தேய்ந்திருக்கிறது என்றோமே, அதெல்லாம் பொய். பாவம், அதற்கு ஒரு குறையும் இல்லை.

பிறகு மேல் வால்வைக் கழற்றி ஒரு கேரி பேக்கில் போட்டுக்கொண்டு, பஜாரில் ஒரு ஹார்டுவேர் கடைக்குப் போனேன். கடைக்கார பாய் பையை வாங்கக்கூட இல்லை. எட்டிப் பார்த்தார், அவ்வளவுதான்.

“புதுசு தரட்டா?”

“இது ஏன் பாய் கெட்டுப்போச்சு?”

கடைக்குள்ளிருந்து ஒரு காலி பெயின்ட் டப்பாவை இழுத்து வந்து என் முன்னால் வைத்தார். உள்ளே பழைய வால்வுகள். ஒன்றுவிடாமல் எல்லாவற்றிலும் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது.

“எல்லாம் உப்பு பா. இந்த ஏரியா போர் தண்ணி அப்படி. ஆறு மாசம், ஜாஸ்தி போனா ஒரு வருஷம். அப்புறம் பேஜார்தான். ஆமா, நீ எந்த வீடு?”

சொன்னேன்.

“அட, அவர் வீட்டு மாடியா! அவரே வருஷா வருஷம் வந்து ஒண்ணு வாங்கினு போறாரே. போன வாட்டி வந்தப்போ, ‘இன்னா பாய், நிக்கவே மாட்டேங்குது’ன்னு என்கிட்ட சண்டை!”

தெரியும். அவருக்குத் தெரியும்! அதே மேல் டேங்க், அதே தண்ணீர், அதே உப்பு. அவர் வீட்டில் ஓடினால் தண்ணீர் சரியில்லை. எங்கள் வீட்டில் ஓடினால் ஆள் சரியில்லை.

“புதுசு எடுக்கட்டா?” என்றார் பாய் மறுபடியும்.

“வேணாம் பாய். இதையே ஓட வைக்க முடியுமா?”

“இன்னாத்துக்கு பா ரிஸ்க்கு? புதுசு போட்டா அஞ்சு நிமிஷ வேலை.”

“புதுசு போட்டா ‘பாத்தியா, உடைச்சதாலதான் மாத்தினான்’னு சொல்வாரு. இதே வால்வு ஓடணும் பாய்.”

பாய் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். முதலில் கிறுக்கன் என்று நினைத்திருப்பார். அப்புறம் என்ன நினைத்தாரோ, ஸ்டூலை இழுத்துப் போட்டார். “உக்காரு” என்று சொல்லி வால்வை வாங்கி, மேல்மூடியை அரைத் திருகில் கழற்றிக் காட்டினார். உள்ளே ஒரு ரூபாய்க் காசு அளவில் ஒரு ரப்பர், அதில் ஊசிமுனை ஓட்டை. ஓட்டையே தெரியாமல் வெள்ளைக் கட்டி. “இதை மட்டும் சுத்தம் பண்ணிக்கோ. கத்தி வச்சி சுரண்டாதே, ரப்பர் போய்டும்” என்றார்.

கத்தி வேண்டாம், வினிகர் போதும் என்று அந்தக் கணத்தில்தான் எனக்குத் தோன்றியது. நான் மூன்று வருடம் கெமிஸ்ட்ரி படித்தவன்! உப்புத் தண்ணீரில் படிகிற படிவம் என்ன, அமிலம் பட்டால் அது என்ன ஆகும் என்று பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதி மார்க் வாங்கியவன். வீட்டு டாய்லெட்டில் அதே படிவம் வெள்ளையாகப் பூத்து நின்றபோது அடையாளம் தெரியவில்லை. முதல் ஆளாகப் படிக்கிறோம் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோமே, எதற்காகப் படிக்கிறோம்?

வீட்டுக்கு வந்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் வினிகர் ஊற்றி வால்வைப் போட்டேன். நைனா நாற்காலியில் இருந்து கழுத்தை நீட்டினார். உள்ளே பொடிப்பொடியாகக் குமிழ் கிளம்பியது.

“இன்னாடா அது, அடுப்பில்லாமயே கொதிக்குது?”

“உப்பு நைனா. தண்ணியில இருக்கிற உப்பு படிஞ்சிருக்கு. அதான் மூடல. நீ ஒண்ணும் உடைக்கல.”

“உப்பா?”

டப்பாவை வாங்கி மூக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். உப்பில் வெடிப்பு விட்ட தன் கைகளையும் பார்த்துக்கொண்டார். பிறகு மூன்று நாளில் முதல்முறையாகச் சிரித்தார்.

“நான் தட்டிக் கொட்டினதுதான்டா இது. அட்ரஸ் விசாரிச்சினு வந்துடுச்சு!”

அவர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கெமிஸ்ட்ரி வாத்தியார்கள் சண்டைக்கு வருவார்கள், தோல் உப்பு வேறு, குழாயில் படிகிற உப்பு வேறு என்று. வேறுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இந்தப் பாலாற்றுப் பக்கம் பூமிக்குள் போனதெல்லாம் என்னென்ன, யார் அனுப்பியது என்று எந்த வாத்தியார் பாடம் நடத்தினார்? அந்தத் தோலில் வந்த காசு எங்கெங்கோ போய் மாடி மாடியாக நிற்கிறது. நைனாவுக்குக் கிடைத்தது முழங்கால் வலி, கையில் வெடிப்பு. கடைசியில் குழாய் அடைத்துக்கொண்டதற்கு ஆள் தேடினால், அதற்கும் நைனா!

மறுநாள் காலையில் வால்வை எடுத்துப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தேன். வெள்ளையெல்லாம் கழன்று வந்தது. ரப்பரில் ஊசி ஓட்டை பளிச்சென்று தெரிந்தது. திரும்பப் பூட்டி, மிதவையின் திருகை இரண்டு சுற்று இறக்கினேன். நடுக்குழாய் வாய்க்கு ஒரு விரற்கடை கீழேயே தண்ணீர் நிற்க வேண்டும், அதுதான் கணக்கு. சுவர்க் குழாயைத் திறந்தேன். தண்ணீர் ஏறியது, ஏறியது... மிதவை வந்து முட்டியது.

சத்தம் நின்றது.

அடியிலும் ஒழுகவில்லை என்று நிச்சயம் பண்ணிக்கொள்ள வேண்டுமே! துணிக்குப் போடுகிற சொட்டு நீலத்தை டேங்க்கில் பத்துச் சொட்டு விட்டேன். அடி வால்வு ஒழுகினால் கொஞ்ச நேரத்தில் கமோடுக்குள் நீலம் இறங்கிவிடும். நைனா நாற்காலியை பாத்ரூம் வாசலுக்கே இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். பரீட்சை ஹாலில் சூப்பர்வைசர் மாதிரி கமோடையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஆபீஸுக்கு லேட் ஆகிறது என்று தவித்துக்கொண்டிருக்கிறேன்.

“இன்னா நைனா?”

“வெள்ளையாத்தான் இருக்குது.”

“போதுமா?”

“இருடா, அவசரப்படாதே. அப்புறம் எவனாவது எதனா சொல்லுவான்.”

முழுதாக அரை மணி நேரம். நீலம் இறங்கவே இல்லை. அப்புறம்தான் எழுந்தார்.

ஆனால் கட்டில் ஓரத்தில் அவர் பை கட்டி வைத்தபடியே இருந்தது. வேட்டி, சட்டை, மாத்திரைச் சீட்டு. நான் அதைப் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, “டேங்க் சரியாய்டுச்சுடா. அந்தாளு சொன்னது அப்படியேதானே இருக்குது?” என்றார். டீயும் அரை டம்ளரோடு சரி.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ரிப்பேர் இன்னும் முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா வந்தாள். தன்னுடைய சோல் ஷீட் வைத்தியத்தைப் பற்றி நான் சொன்னதும், “ஒட்டுச்சா இல்லியா, அதைச் சொல்லு” என்றாள். அந்தத் திமிர் எனக்குப் பிடிக்கும். நைனா பையை எடுத்துக்கொண்டு படிக்கு வந்துவிட்டார். நான் அவருக்கு முன்னால் இறங்கினேன். கீழே கதவு திறந்து ஓனர் வெளியே வந்தார். அதே படி. அதே மூன்று பேர், அக்கா மட்டும் கூடுதல்.

“தம்பி, உன்னைத்தான் பாக்கணும்னு இருந்தேன். நீயே சரி பண்ணிட்டியாமே, கடை பாய் சொன்னாரு. எங்க வீட்லயும் ரெண்டு நாளா நிக்காம ஓடுது. வந்து ஒரு பார்வை பாரேன்.”

கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டேன். பயமா, கோபமா தெரியவில்லை.

“உங்க வீட்ல யாரு சார் உடைச்சது?”

“உடைக்கிறதா? சேச்சே, இது தண்ணில உப்பு...”

சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்திக்கொண்டார்.

“எங்க வீட்லயும் அதான் சார். அதே மேல் டேங்க், அதே தண்ணி. புதுசுகூடப் போடல, பழைய வால்வுதான் ஓடுது. எங்கப்பா எதையும் உடைக்கல.”

“அட, அதை இன்னுமா மனசுல வச்சிருக்க? ஏதோ பேச்சுக்குச் சொன்னது தம்பி.”

“என்கிட்ட இல்ல சார். அவர் காதுல விழுந்துச்சு. அஞ்சு படி ஏறி வந்து அவர்கிட்ட சொல்லுங்க, ‘நீங்க உடைக்கல’ன்னு. சொன்ன உடனே நான் கீழ வந்து உங்க டேங்க்கைப் பாக்கறேன்.”

ஓனர் என்னைப் பார்த்தார். எனக்குப் பின்னால் இரண்டு படி மேலே நின்றிருந்த நைனாவைப் பார்த்தார். படிகளைப் பார்த்தார். “அப்புறம் பாக்கலாம்” என்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

“போச்சு! வீட்டைக் காலி பண்ணச் சொல்லப் போறான்” என்றாள் அக்கா. ஆனால் முகமெல்லாம் சிரிப்பு.

நைனா பையோடு திரும்பிப் படியேறினார். உள்ளே போனார். பாத்ரூம் கதவு சாத்தும் சத்தம், கொஞ்ச நேரம் கழித்து ஃப்ளஷ் சத்தம். இந்த முறை காலிங் பெல் மாதிரி இல்லை, நன்றாகவே அமுக்கினார். தண்ணீர் இறங்கி, டேங்க் நிரம்பி, நின்றது.

வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். பையைக் காலால் கட்டிலுக்கு அடியில் தள்ளினார்.

“டீ போடும்மா” என்றார் அக்காவிடம். “பெரிய டம்ளர்ல.”

இது நடந்து ஏழு நாள் ஆகிறது. காலி பண்ணச் சொல்லி இதுவரை யாரும் வரவில்லை. வந்தால் ஒன்பதாவது வீடு தேடுவேன். ‘எந்தத் தெரு’ என்று கேட்டால் இந்த முறை சத்தமாகச் சொல்வேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதும் கீழ் வீட்டில் ‘ஸ்ஸ்ஸ்’ என்று ஓடிக்கொண்டிருக்கிறது. பிளம்பரின் ‘நாளைக்கு’ அவருக்கும் இன்னும் வரவில்லை போலிருக்கிறது. தண்ணீர் வீணாவதைக் கேட்கக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. வினிகர் பாட்டிலில் இன்னும் பாதி மிச்சமிருக்கிறது.

நான் படியிறங்கினால் அரை நாள் வேலை. அவர் படியேறினால் அரை நிமிட வேலை.